அண்டாத்தீவுக்குப் போன உடையாள்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, கடல் பேசினால் மனிதருக்குப் புரிந்த காலத்திலே, தென்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். அவனிடம் தங்கக் கட்டில் இருந்தது, தந்தக் கட்டில் இருந்தது, பவளக் கட்டில் மட்டும் இல்லை.

"அண்டாத்தீவைச் சுற்றிப் பவளம் காடாக வளர்ந்திருக்கிறதாமே! வெட்டிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு கப்பலை அனுப்பினான். கப்பல் தலைவன் வீரபுத்திரன். கூடவே முத்துக்குளிக்கிறவர்கள் போனார்கள். அவர்களில் ஒருவன் காளத்தி. போன கப்பல் போனதுதான், திரும்பவே இல்லை.

காளத்தியின் மனைவி உடையாள் கரையில் காத்து நின்றாள். அமாவாசை போய்ப் பௌர்ணமி வந்தது. பொறுக்கமுடியாமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள்.

தீவை நெருங்க நெருங்கக் கடல் நிறம் மாறியது. கருநீலம் இளநீலமானது, இளநீலம் பச்சையானது, பச்சை கண்ணாடியானது. வள்ளம் தண்ணீரில் மிதக்கிறதா, ஆகாயத்தில் மிதக்கிறதா என்று தெரியவில்லை. அங்கே ராஜாவின் கப்பல் ஆளில்லாமல் நின்றது. மேல்தட்டில் ஒடித்த பவளக் கிளைகள் குவிந்து கிடந்தன.

வள்ளத்தின் பக்கத்தில் ஒரு பெரிய சாம்பல்நிற முதுகு எழும்பியது. ஆவுளியா! கடல் பசு என்பார்களே, அதுதான். மீசை முளைத்த வாயைத் திறந்து கேட்டது:

"எடுக்க வந்தாயா, ஒடிக்க வந்தாயா, மிதிக்க வந்தாயா?"

"எதுக்கும் இல்லை தாயே. என் புருஷனைத் தேடி வந்தேன்."

"கீழே நிற்கிறான். இங்கே கிளையை ஒடித்துக் கொண்டுபோனவன் மறுபடி முங்கினால் கல்லாவான். அவன் ஒடித்த கிளை மறுபடி ஒட்டினால் கல் மனிதனாவான்."

"அவர் ஒடிச்சது எது?"

"அது எனக்கும் தெரியாது. என் மந்திரத்தால்தான் இந்தக் கிளைகள் இதுவரை உயிரோடிருக்கின்றன. இன்று பொழுது சாய்ந்தால் அத்தனையும் செத்துப்போகும்." ஆவுளியா அவள் நெற்றியில் ஊதியது. "பொழுது சாயும்வரை தண்ணீர்தான் உனக்குக் காற்று. போ!"

உடையாள் கப்பலில் ஏறி, ஒரு கை நிறையக் கிளைகளை அள்ளிக்கொண்டு குதித்தாள். குதித்தவள் ஒரு கணம் புருஷனையே மறந்துவிட்டாள்.

மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், விசிறி போல விரிந்த பவளம், கோயில் குடை போலக் கவிந்த பவளம். சிவப்பு, ஊதா, மஞ்சள். ஒவ்வொன்றிலும் கடுகளவு வாய்கள் ஆயிரமாயிரம், திறந்து திறந்து மூடின. கிளிமீன்கள் கறுக்கறுக்கென்று பாறையைக் கொறித்தன. ஓர் ஆமை அவசரமே இல்லாமல் அவள் தலைக்கு மேலே போனது. பாறை என்று இத்தனை நாள் நினைத்தாளே, அத்தனையும் உயிர்!

நடுவே வெள்ளை வெளேரென்று கல் மனிதர்கள். அவர்கள் கையிலெல்லாம் கடப்பாரை.

உடையாள் ஒரு கிளையை அதன் முறிந்த இடத்தில் பொருத்திப் பிடித்தாள். மெல்ல மெல்ல நிறம் ஏறியது. எங்கோ ஒரு கல் மனிதன் இருமினான், துள்ளினான், மேலே பாய்ந்தான். அடுத்த கிளைக்கு ஒருவன். அடுத்த கிளைக்கு இன்னொருவன். பிறகு ஒரு கை அவள் தோளைத் தொட்டது. காளத்தி! அவளை இழுத்துக்கொண்டு மேலே வந்தான்.

"வா புள்ள, ஓடிரலாம்!"

"இன்னும் இருக்கு."

"பொழுது சாயுதே!"

"அவங்க பொண்டாட்டியும் கரையிலதானே நிப்பா?"

காளத்தி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கிளையை வாங்கிக்கொண்டு முங்கினான்.

கடைசியாக ஒரே ஒரு கிளை மிஞ்சியது. பாதி வெளுத்துவிட்டது. கீழே நின்றவன் கப்பல் தலைவன் வீரபுத்திரன்.

"அந்த ஆளை விட்டுத் தொலை! வெட்டச் சொன்னதே அவன்தான்!" என்று மீண்டு வந்தவர்கள் கப்பலிலிருந்து கத்தினார்கள்.

"வெட்டச் சொன்னது அவர். வெட்டுப்பட்ட பவளம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் உடையாள். மறுபடி குதித்தாள்.

அவள் கிளையைப் பொருத்திப் பிடித்தபோது சூரியன் கடலைத் தொட்டது. மந்திரம் தீர்ந்தது. தண்ணீர் மூக்கில் ஏறியது. கண் இருண்டது. அப்போதும் கையை எடுக்கவில்லை. நுனி தவிரக் கிளை முழுவதும் சிவந்தது! கல்லாக நின்ற வீரபுத்திரன் விழித்தான், அவளை அணைத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். அவனுடைய வலது கை மட்டும் கல்லாகவே இருந்தது.

கப்பல் ஊர் திரும்பியது. "பவளம் எங்கே?" என்றான் ராஜா. வீரபுத்திரன் கல் கையை நீட்டினான். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது.

"நானே போகிறேன்!"

உடையாள்தான் வள்ளத்தில் கூட்டிப்போனாள். வீரபுத்திரன் இடது கையால் துடுப்புப் போட்டான். கண்ணாடித் தண்ணீர் வந்ததும், "குனிஞ்சு பாருங்க மகாராஜா" என்றாள். ராஜா குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. உச்சிவெயில் முதுகைச் சுட்ட பிறகுதான் வாய் திறந்தான்.

"இதையா வெட்டச் சொன்னேன்!"

அந்தச் சொல் விழுந்ததும் வீரபுத்திரனின் கல் விரல்கள் அசைந்தன. கல் உதிர்ந்து சதை வந்தது. மனிதன் விம்மி அழுதான்.

அன்று முதல் அண்டாத்தீவுப் பக்கம் கோடாலி போகக் கூடாது, நங்கூரம் விழக் கூடாது என்று முரசறைந்தார்கள். தீவுக்குக் காவல் உடையாளும் காளத்தியும். பார்க்க ஆசைப்பட்டவர்கள் அவள் வள்ளத்தில்தான் போகவேண்டும். போகும்போது வளவளவென்று பேசிக்கொண்டே போவார்களாம். வரும்போது ஒருவரும் வாய் திறக்க மாட்டார்களாம்.