மத்தியான வேகம்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னது. அவருக்கும் யாரோ சொன்னதுதான். வார்த்தைகள் முன்பின் இருக்கலாம்.

கொம்பையா கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்த்துப் படமாக்குகிறவர். ஐம்பதை நெருங்கும் வயதில், தன்னைவிட மிகவும் இளையவளான ஜெசிந்தாவிடம் ஓவர்க்ளாக் செய்யக் கற்றுக்கொண்டார். அதாவது, பிராசசரை அதற்கென்று வைத்த வேகத்துக்கும் மேலே ஓட்டுவது. அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலை அவளுடைய கணினிக் கடைக்கு ஓடி வந்தார்.

“டீச்சர், படத்தை முழுசா சேர்த்து எடுக்கையில கம்ப்யூட்டர் பாதியில உறைஞ்சு நிக்குது. கல்யாணப் பொண்ணு நாளைக்கு மஸ்கட் போகுது. கையில படத்தோட போகணும்னு அதுக்கு ஆசை. வோல்டேஜை இன்னும் ஏத்தட்டுமா?”

“ஏத்துனா பிராசசரே போயிரலாம். இங்க வச்சு சோதிச்சப்ப ஓடிச்சுல்லா?”

“குதிரை மாதிரி ஓடிச்சு. வீட்டுக்குப் போனதும் கழுதையாயிட்டு.”

“கழுதையை எங்க கட்டியிருக்கீங்க, அண்ணாச்சி?”

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மொட்டைமாடியில் ஓர் அறை. மேலே தகரக் கூரை. சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா சோதனையை ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வேறெதையும் தொடவில்லை.

“டீச்சர், கீழ போய் உக்காருவோம். இங்க வேகுது.”

“அது இங்கதான உக்காந்திருக்கு?”

இருவர் சட்டையும் நனைந்தது. சற்று நேரத்தில் திரை உறைந்தது.

“நேத்து உங்க கடையில…”

“என் கடையில ஏசி இருக்கு, அண்ணாச்சி.”

கொம்பையா தலையில் கை வைத்துக்கொண்டார். “தப்பா ஏத்திட்டேனா?”

“நானுந்தான் தப்பா சோதிச்சேன். உங்க அறை எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கல.”

வேகத்தை ஒரு படி இறக்கினாள். வோல்டேஜையும் கொஞ்சம் குறைத்தாள். மறுபடி உறைந்தது. இன்னொரு படி இறக்கினாள். உச்சி வெயிலில் தகரம் படபடவென்று வெடித்தது. கணினி நிற்காமல் ஓடியது. சூடு ஓர் அளவோடு நின்றது.

கொம்பையாவுக்கு மூச்சு வந்தது. கூடவே ஆசையும் வந்தது.

“இந்த வேகத்துல நாளைக்குள்ள எல்லாம் முடியுமான்னு பயமா இருக்கு, டீச்சர். ஒரு படி ஏத்திக்கிடுவோமே. காலையில அதைத் தாங்கத்தான செய்யும்?”

“தாங்கும், அண்ணாச்சி. மத்தியானமும் நமக்கு வேலை இருக்குல்லா?”

கொம்பையா மவுஸைப் பிடித்து வேலையைத் தொடங்கினார்.

பிறகு அந்த மணப்பெண்ணைத் தேடி விசாரித்தேன். கிளம்பும்போது படம் கையில் இருந்திருக்கிறது. நேரம் போதாமல், வரவேற்புப் பகுதிக்கு மட்டும் இசை சேர்த்திருக்கவில்லை.