நேர்ச்சைக் கப்பல்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் கோமதி என்றொரு குரு இருந்தார். வயது முப்பத்து மூன்று. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பாய்மரக் கப்பலை ஒட்டி முழுக் கப்பலாக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். கடல் பயணம் என்று பார்த்தால், கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகில் ஏறி வாந்தி எடுத்தது ஒன்றுதான்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் செலஸ்டின் மோத்தா. வயது அறுபத்தேழு. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக் படகை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அதனால் குருவும் சீடரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். சீடர் குருவை டீச்சர் என்றார். இதில் இருவருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

வந்த காரணத்தை மோத்தா முதல் நாளே சொல்லிவிட்டார். முந்தின வருடம் அவர் மனைவி ரெஜினாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவள் எழுந்து நடந்தால் என் கையால் ஒரு கப்பல் செய்து உன் காலடியில் வைக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். ரெஜினா எழுந்தார். நடந்தார். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது.

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. மனைவியைத் தனியே விட மனமில்லாமல் மோத்தா உடன் அழைத்து வருவார். தனியாக நடக்கவிட்டால் ரெஜினா இடது பக்கமாகவே ஒதுங்கிப் போவார். மோத்தா அந்தப் பக்கம் நின்று, அவர் முழங்கையில் இரண்டு விரலை வைத்தபடி வருவார்.

"கடையில வெள்ளிக் கப்பல் விக்கான். ஒண்ணு வாங்கி வச்சா சோலி முடிஞ்சுது," என்பார் ரெஜினா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "மாதா கோயில் சாமியாரே அது போதும்னுட்டார்."

"கையாலன்னு சொல்லிட்டேன்ல."

"செய்யத் தெரியாத ஆளு எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

"அந்த நேரத்துல வாயில வார்த்தை வந்ததே பெருசு."

பெட்டியோடு வந்த விளக்கத் தாள் ஏதோ ஐரோப்பிய மொழியில் இருந்தது. கோமதி படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் நீளமாக ஓர் அடிக்கட்டை. அதன் குறுக்கே விலா எலும்பு போலப் பன்னிரண்டு சட்டங்கள். அவற்றின் மேல், நனைத்து வளைத்த மரக்கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் கப்பலின் உடல்.

"வலது பக்கம் ஒரு கீற்று ஒட்டினா, அடுத்தது இடது பக்கம். மாத்தி மாத்தித்தான் போகணும் மாஸ்டர்."

"ஏன் டீச்சர்?"

"காயும்போது இழுக்கும்."

மோத்தா தலையாட்டினார். இழுக்கிற விஷயத்தில் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

அக்காவின் பிரசவத்துக்காகக் கோமதி கோவில்பட்டி போனார். திரும்பி வரப் பத்து நாளாயிற்று. வந்த அன்று மோத்தா, வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த கப்பலை மேஜைமேல் வைத்தார். வலது பக்கம் முழுவதும் கீற்று ஒட்டி முடிந்திருந்தது. சுத்தமான வேலை. இடது பக்கம் வெறும் விலா எலும்பு.

கோமதி கப்பலைக் கவிழ்த்து, முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்தார். அடிக்கட்டை நூலோடு சேரவில்லை. வில் மாதிரி வளைந்து, நடுவில் விலகி நின்றது. முன்முனை வலது பக்கம் திரும்பியிருந்தது.

"எம்புட்டு?" என்றார் மோத்தா.

"ஆறு மில்லிமீட்டர்."

"ஒரு பக்கமாவது கப்பல் மாதிரித் தெரியட்டுமேன்னு பாத்தேன்."

"நான்தான் டீச்சர் சொன்னேன்," என்றார் ரெஜினா. "எலும்புக்கூட்டையே எத்தன நாள் பாக்கன்னு கேட்டேன். ஆனா கோணலா ஒட்டச் சொல்லல. ஊர்க் கப்பல் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்த மனுசனுக்கு ஒரு சாண் கட்டைய நேரா வைக்கத் தெரியல."

"ரெண்டு அடி," என்றார் மோத்தா.

"ஆமா, அளவுல மட்டும் சரியா இருங்க."

மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கொடியேறும் நாளில் கப்பல் மாதாவின் காலடியில் இருக்க வேண்டும். அதுவும் நேர்ச்சையில் சேர்த்தி.

"உடைச்சுட்டு மொதல்ல இருந்து செய்யட்டுமா?" என்றார் மோத்தா.

"இந்தப் பெட்டி வரவே நாலு மாசம் ஆச்சு."

"பெயிண்டர் சுவருக்குப் பூசுற புட்டி வச்சுத் தேச்சு சரி பண்ணினா?"

"புட்டி மேலதான நிக்கும். வளைஞ்சது உள்ள இருக்குல்ல."

"அப்ப நல்ல பக்கம் தெரியற மாதிரி சுவரோரமா வச்சிரலாம்."

"மாதா எந்தப் பக்கம் நின்னு பாப்பாங்கன்னு கேட்டுட்டு வாங்க, வச்சிரலாம்."

ரெஜினா சத்தமாகச் சிரித்தார். மோத்தா சிரிக்கவில்லை.

"நான் என்னதான் செய்ய டீச்சர்?"

"இடது பக்கம் ஒட்டுங்க. அதுவும் காயும்போது இழுக்கும். கொஞ்சம் திரும்பி வரும்."

"முழுசா வருமா?"

"வராது."

"டாக்டரும் இதத்தான் சொன்னார்," என்றார் ரெஜினா.

மோத்தா இடது பக்கம் ஒட்டத் தொடங்கினார். கீற்றை நனைப்பார், வளைப்பார், பசை தடவித் துணிக் கிளிப்பால் கவ்வ வைப்பார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கோமதி நூல் பிடித்தார். ஐந்தாயிற்று. நாலாயிற்று. ஒரு வாரம் நாலிலேயே நின்றது. பிறகு மூன்று. கடைசிக் கீற்று காய்ந்த அன்று இரண்டு மில்லி. அதற்குமேல் அசையவில்லை.

அடுத்து பாய்மரம் நட்டார்கள். பாய் கட்டினார்கள். நூலுக்கு மெழுகு தேய்க்கும் வேலையை ரெஜினா எடுத்துக்கொண்டார். ஒரு முனையை நாற்காலிக் கையில் கட்டிவிட்டு வலது கையால் தேய்ப்பார். கோமதி அதைக் கயிறு என்று சொல்லும்போதெல்லாம் மோத்தா திருத்துவார்.

"கயிறு இல்ல டீச்சர், ஆலாத்து. கப்பல்ல கயிறுன்னு சொன்னா சிரிப்பான்."

"சரி மாஸ்டர், ஆலாத்து. முடிச்சு தளர்ந்திருக்கு பாருங்க."

கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. சுக்கான். கப்பலைத் திசை திருப்பும், சுண்டுவிரல் நீளப் பலகை. பின்பக்கத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மோத்தா அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பசை எடுக்கட்டுமா மாஸ்டர்?"

"பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியுது," என்றார் மோத்தா. "இது வலது பக்கம் இழுக்கிற கப்பல். கோணல்னு தெரிஞ்சும் இத எப்படி டீச்சர் மாதா காலடியில கொண்டு வைக்க?"

கோமதி கப்பலைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டின டக் எப்படி மாஸ்டர்? நேரா போகுமா?"

மோத்தா முதல் முறையாகச் சிரித்தார். "எந்தப் படகு நேரா போயிருக்கு? இடது பக்கம் இழுக்கும். வீலைக் கொஞ்சம் வலது வாக்குல பிடிச்சே வச்சிருக்கணும்."

"இருபத்திரண்டு வருசமுமா?"

"இருபத்திரண்டு வருசமும்."

"கை வலிக்காதா?"

"மொத மாசம் வலிச்சுது. அப்புறம் கை அதுவா போய்ப் பிடிச்சுக்கிடும். இழுக்குதுங்கிறதே மறந்து போகும். ஒருநாள் லீவு போட்ட ஆளுக்குப் பதிலா வேற டக்ல ஏத்துனாங்க. அது நேரா போச்சு. எனக்குத்தான் ஓட்ட வரல."

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "நேரமாச்சு, வாங்க," என்று ரெஜினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மோத்தா சுக்கானை மேஜைமேல் வைத்தார். ரெஜினாவின் இடது பக்கம் போய் நின்றார். முழங்கையில் இரண்டு விரலை வைத்தார். இருவரும் அறையின் நடுவாக நேரே வாசலுக்கு நடந்தார்கள்.

கோமதி கப்பலை அதன் பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். ஆட்டோவின் சீட்டில் பத்திரமாக இருத்தினார். சுக்கானை மோத்தாவின் காலியாக இருந்த கையில் கொடுத்தார்.

"வீட்டுல போய் நீங்களே ஒட்டிருங்க."

"தாள்ல நேரா ஒட்டுற மாதிரில்லா படம் போட்டிருக்கு?" என்றார் மோத்தா.

"படம் போட்டவன் உங்க கப்பலைப் பாத்ததில்ல மாஸ்டர்."