நூற்றுப்பத்து பேல்

திண்டுக்கல்லில் ஆடிட்டர் ரெஜினாவுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த தணிகாசலத்துக்கு நாற்பத்தைந்து. இருந்த வேலையை விட்டுவிட்டு சி.ஏ. படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் கேட்டார்:

“மேடம், கணக்காளருக்குத் தேவை கூடிக்கிட்டே போகுதுன்னு கோச்சிங் சென்டர்ல சொல்றாங்க. என் மச்சான், இனி எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கும்கிறான். நான் யாரை நம்புறது?”

“வண்டியை எடுங்க சார். மில்லுக்குப் போவோம்.”

அந்த நூல் மில் வங்கியில் கடன் கேட்டிருந்தது; அதற்குச் சரக்கு இருப்புக் கணக்கில் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். குடோனில் தொள்ளாயிரம் பேல், அதாவது பொதி, பஞ்சு இருப்பதாகக் கணக்கு. ரெஜினா தணிகாசலத்தை எண்ணச் சொன்னார். முன்வரிசையில் மட்டும் பஞ்சு. பின்னாலிருந்த மூட்டைகளில் வெறும் கழிவு. தேறியது நூற்றுப்பத்து.

“இருக்கிறதை எழுதுங்க.”

மறுநாளே மில் முதலாளி வெள்ளைச்சாமி ஆபீசுக்கு வந்தார்.

“பேங்க்ல உன் கையெழுத்துன்னா மறுகேள்வி கேக்க மாட்டாங்கம்மா. தொள்ளாயிரம்னே இருக்கட்டும்.”

“முடியாதுங்க.”

அடுத்த வாரம் வந்து இரண்டு மடங்கு ஃபீஸ் பேசினார். அதற்கும் அதே பதில்தான்.

மூன்றாம் முறை அவர் உட்காரவில்லை.

“என் கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துல மொத்தக் கணக்கும் போட்டுடுது. நீ போடுறது ஒரு கையெழுத்து. ஊர்ல ஆடிட்டருக்கா பஞ்சம்?”

“இல்லைங்க. இந்தத் தெருவுலயே நாலு பேர் இருக்காங்க.”

“என் மூணு கம்பெனியும் உன்னை விட்டுப் போயிடும்.”

ரெஜினா எழுந்தார். அலமாரியிலிருந்து மூன்று கம்பெனி ஃபைல்களையும் தாமே இறக்கி மேசைமேல் வைத்தார்.

வெள்ளைச்சாமி தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார்.

“எண்ணினது நீங்கதானே? எங்க மில்லுக்கே மேனேஜரா வந்துடுங்க. நாலு மடங்கு சம்பளம். எண்ணிக்கை தப்பிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்.”

தணிகாசலத்தின் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட ஒன்பது நாள்தான் பாக்கி.

“நூத்திப்பத்துதாங்க இருந்துச்சு,” என்றார்.

வெள்ளைச்சாமியின் டிரைவர் வந்து ஃபைல்களை அள்ளிக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தணிகாசலம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மூணு கம்பெனி போச்சு மேடம். இனிமே நாம யாருக்குத் தேவைப்படுவோம்?”

“கணக்கை மெஷின் போட்டிருச்சு. கையெழுத்துக்குத் தெருவுல நாலு பேர் இருக்காங்க,” என்றார் ரெஜினா. “அப்புறம் எதுக்கு சார் அந்த மனுஷன் நம்மகிட்ட மூணு தடவை வந்தாரு?”