மரங்கொத்தியின் அலகு நேரான கதை

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆவடை என்றொரு கொட்டுக்காரி இருந்தாள். ஊருக்குச் சேதி சொல்லும் வேலை அவளுடையது. மெதுவாகக் கொட்டினால் கஞ்சி வந்துவிட்டது என்று பொருள். விடாமல் உருட்டிக் கொட்டினால், போட்டது போட்டபடி கரையேற வேண்டும்.

அவளுக்குக் கொட்டு வாத்தியங்கள் மேல் இருந்த பிரியம் கப்பல்காரர்களுக்குத் தெரியும். பாலைவனத்து ஆட்டுத்தோல் வட்டக்கொட்டு, மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து பாசிமணி கோத்த சுரைக்குடுக்கை, மீன்தோல் கட்டிய சிறு முழவு என்று ஒவ்வொருவரும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். கீழைத் தீவுக்காரர்கள் கொடுத்தது, குடைந்த அடிமரம். தோல் கிடையாது; நடுவில் ஒரு கீறல், அவ்வளவுதான். எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டால், "இப்போ மடியில இருக்கிறது" என்பாள் ஆவடை.

அவள் கொட்டகைக் கூரையில் ஒரு பறவை குடியிருந்தது. கிளிக்கு இருப்பதுபோல் வளைந்த, மெல்லிய அலகு. பழம் தின்று வாழ்ந்தது.

ஒருநாள் காலையிலிருந்து தூறல். ஏழு குடும்பங்கள் ஆற்று மணலில் வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தன. ஆவடையின் மகள் செவ்வந்தியும் அங்கேதான் இருந்தாள். உச்சிவேளையில் பறவை பதறிக்கொண்டு வந்தது.

"அக்கா, மேற்கே செந்தண்ணி வருது. மரமெல்லாம் வேரோட மிதந்து வருது."

ஆவடை கொட்டகைக்கு ஓடினாள். சேற்றில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. வட்டக்கொட்டை இடக்கையால் தட்டினாள். ஈரத்தில் தோல் தொய்ந்து பொத்தென்றது. முழவும் அப்படியே. குடுக்கையின் சலசலப்பு வாசலைத் தாண்டவில்லை. மிஞ்சியது அடிமரம். கோலை இடக்கையில் பிடித்து ஓங்கி அடித்தாள். ஓசை ஆற்றின் குறுக்கே கணீரென்று போனது. ஆனால் ஒற்றைக் கையால் உருட்ட முடியவில்லை. அடி மெதுவாகத்தான் விழுந்தது.

கஞ்சி வந்துவிட்டதென்று எண்ணி, மணலில் இருந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அதைக் கண்ட ஆவடை கோலைக் கீழே போட்டாள். "நீ கொட்டு" என்றாள் பறவையிடம்.

"நான் பறந்துபோய்ச் சொல்றேனே."

"ஆளுக்கொரு மூலையில இருக்காங்க. ஒருத்தர்கிட்ட சொல்லி முடிக்கிறதுக்குள்ள தண்ணி வந்துரும்."

"என் அலகு பழம் கொத்துறதுக்குத்தான் ஆகும் அக்கா. உடைஞ்சு போயிரும்."

"உடையலாம்" என்றாள் ஆவடை. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வேற வழி தெரியல."

பறவை ஆற்றைப் பார்த்தது. பிறகு கீறலின் ஓரத்தில் நகத்தை ஊன்றிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. டர்ர்ர்ர்ர். நாலாவது உருட்டலில் அலகின் வளைந்த நுனி தெறித்து விழுந்தது. அது நிறுத்தவில்லை.

மணலில் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்து ஓடினார்கள். கடைசி ஆள் கரையைப் பிடித்தபோது செந்தண்ணீர் வெள்ளரிக் கொடிகளை வாரிக்கொண்டு போனது.

ஆவடை கரைக்கு ஓடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஏழாவது குடும்பத்துக்குப் பின்னால், யாருடைய கைக்குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு செவ்வந்தி நின்றாள். ஆவடை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் ஏறிட்டாங்களா?" என்று கொட்டகையிலிருந்து வந்த பறவை கேட்டது.

"ஒருத்தர் விடாம. உனக்கு வலிக்குதா?"

"தலை சுத்தும்னு நினைச்சேன். சுத்தல. ஆனா இனிமே பழம் உரிக்க வராது போல."

செவ்வந்தி அதைக் கையில் ஏந்தி, உச்சந்தலையில் குங்குமம் அப்பினாள். பறவை பக்கத்திலிருந்த பட்டமரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, புது அலகால் கொத்திப் பார்த்தது. பட்டைக்குள் கொழுத்த புழு ஒன்று இருந்தது. தின்றது. பிடித்திருந்தது.

அன்று முதல்தான் மரங்கொத்தி உளி போன்ற அலகும் சிவந்த உச்சியுமாக மரத்தில் இரை தேடுகிறது. பசி அடங்கிய பிறகும், ஓசை நன்றாக வரும் மரத்தைக் கண்டால் விடாமல் உருட்டிக் கொட்டுகிறது.