ராஜாங்கத்தின் தலைக்கு மேல் ஒரு வட்டம்

நொச்சிப்பட்டிக்காரர்களை மற்ற ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்? நொச்சிப்பட்டியில் கிடைக்கிறார்கள். அந்த ஊர்க் கபடிக் குழுவில் மொத்தமாகவே கிடைக்கிறார்கள்.

குழுவுக்குக் கேப்டன் மொக்கச்சாமி. கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிற ரெய்டர் பவுன்ராஜ். எதிராளி பாடி வந்தால் பிடிக்க வேண்டியவன் காசிமாயன். அவன் பிடிப்பதில்லை, மேலே உட்கார்ந்துகொள்வான். யோசிப்பதற்கென்றே தனியாக ஒருவனை வைத்திருந்தார்கள், அவன் பெயர் சுருளிவேல். யோசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வான். மிச்சம் இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்று மட்டுமே சொல்வார்கள் என்பதால் அவர்களுக்குப் பெயர் வேண்டியதில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் பக்கத்து ஊரான கரட்டூரோடு போட்டி நடக்கும். அதில் ஒரு வழக்கம் உண்டு. தோற்ற ஊர்க் கேப்டன், ஜெயித்த ஊர் ரெய்டரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தன் ஊரைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். கரட்டூர் ரெய்டர் ராக்கெட் ராஜாங்கம். ஆள் குள்ளம், ஆனால் கண்ணில் படுவதற்குள் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போயிருப்பான். நொச்சிப்பட்டி ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. வருசா வருசம் ராஜாங்கத்தைச் சுமந்து மொக்கச்சாமியின் தோளில் பள்ளமே விழுந்துவிட்டது. சட்டைக்கு அளவெடுக்கும் டெய்லர் அந்தப் பள்ளத்துக்கென்று கொஞ்சம் துணி தனியாக விடுவார்.

இந்த வருசம் மொக்கச்சாமிக்கு வேறு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. மாமன் மகள் பொன்னழகோடு அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அவள் வீடும் அதே ஊரில்தான், ராஜாங்கத்தைச் சுமந்து போகிற அதே தெருவில்தான். டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிற பெண், எதையும் மனதில் வைத்துக்கொள்ளமாட்டாள்.

"இந்தப் பொங்கலுக்கும் நீங்க தோத்துட்டு, அந்தாளைத் தூக்கிக்கிட்டு எங்க வாசல் வழியா வந்தீங்கன்னா கல்யாணம் கிடையாது மாமா," என்றாள். "அவரு உங்க தோள்ல இருந்து எறங்குறதுக்குள்ள நான் வேற மாப்பிள்ளை பாத்துருவேன்."

மொக்கச்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கும் மனசு கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் டேப்லெட்டை எடுத்து வந்து கொடுத்தாள். போன வருசத்துப் போட்டியை அவள் அதில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்து ராஜாங்கம் எப்படி ஆடுகிறான் என்று படித்துக்கொள்ளச் சொன்னாள்.

குழு மொத்தமும் ரோட்டோரத்துக் கபடி மைதானத்தில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டது. ராஜாங்கம் கோட்டைத் தாண்டி வந்தான். மூன்று எட்டு வைத்தான். ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். அவன் தலைக்கு மேல் சின்னதாக ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் படக்கென்று நகர்ந்தான், மறுபடி மூன்று எட்டு, மறுபடி நின்றான், மறுபடி வட்டம். பாதி ஆட்டம் வருவதற்குள் சார்ஜ் தீர்ந்து டேப்லெட் இருண்டுபோனது.

பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்பாஸ் அண்ணனிடம் கொண்டுபோனார்கள். அவர் கொஞ்சம் சார்ஜ் ஏற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, மெமரி கார்டு மெதுவானது, பேட்டரியும் பழசு என்றார்.

"கார்டு நெறஞ்சு வழியுது தம்பி. பெரிய பெரிய ஃபைலா பாத்து அழிங்க. சார்ஜ் போட்டா முழுசா ஏறுற வரைக்கும் கையை வைக்காதீங்க. சூடாக விடாதீங்க. பின்னாடி ஓடுறதை எல்லாம் நிறுத்திட்டு அப்புறமா வீடியோவைப் போடுங்க. அதுக்கும் சரியாகலேன்னா வேற கார்டு வாங்குங்க, இது நாலாம் கிளாஸ் கார்டு. பத்தாம் கிளாஸ் போட்டா பறக்கும்."

கடைசிப் பேச்சில் காசிமாயனின் முகம் சுருங்கிவிட்டது. அவனும் நாலாம் கிளாஸோடு நின்றவன். படிப்பு கம்மி என்பதற்காக ஒரு கார்டை வெளியே தள்ளுவார்கள் என்றால் நாளைக்குத் தன் கதி என்ன என்று கேட்டான். எல்லோரும் அவன் முதுகைத் தடவிக் கொடுத்து, அந்தக் கார்டே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். மற்ற நாலையும் சுருளிவேல் விரலை மடக்கி மனதில் போட்டுக்கொண்டான்.

முதல் வேலை, பெரியதை எல்லாம் அழிப்பது. டேப்லெட்டில் பொன்னழகு எடுத்து வைத்திருந்த படங்களை வரிசையாகப் பார்த்தார்கள். கோயில் யானை போனது. தேர் போனது. தண்ணீர் டேங்க் போனது. அடுத்து ஒரு மலைப் படம் வந்தபோது பவுன்ராஜ் தடுத்தான்.

"இது நகக்கண்ணு தண்டிதான இருக்கு? இதை எதுக்கு அழிக்கணும்?"

சுருளிவேல் ஒரு கண்ணை மூடினான். "தூரத்துல நிக்கிறதால அப்படித் தெரியுது. கிட்டப் போய்ப் பாரு."

நியாயமான பேச்சுதானே. பவுன்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தான். அவன் வரும்வரை யாரும் எதையும் தொடவில்லை. பொழுது சாயும்போது திரும்பி வந்து, முள் குத்திய காலைப் பிடித்தபடி, "பெருசுதான்," என்றான். மலையை அழித்தார்கள்.

அடுத்த படத்தில் பொன்னழகின் அப்பா இருந்தார். மொக்கச்சாமி தயங்கினான், வருங்கால மாமனார் ஆயிற்றே. ஆனால் ஊரிலேயே பெரிய மனுசர் யார் என்று சுருளிவேல் கேட்டபோது அவனால் வேறு பெயர் சொல்ல முடியவில்லை. எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அழித்தான். கடைசியில் ஒரு எறும்பும் ஒரு மூக்குத்தியும் மிஞ்சின. ராஜாங்கம் குள்ளம் என்பதால் கபடி வீடியோவும் தப்பித்தது.

மறுநாள் காலையில் இரண்டாவது வேலை, சார்ஜ். மைதானத்துக்குப் பக்கத்து மோட்டார் ரூமில் வயரைச் சொருகி வைத்துவிட்டு, யாரும் கை வைக்காமல் சுற்றி உட்கார்ந்து காவல் காத்தார்கள். ஒரு கோழி வந்தது. வயரைக் கொத்தியது, வயர் கழன்று விழுந்தது. கோழி டேப்லெட் மேல் ஏறி நின்று ஒருமுறை சிறகைக் கோதிவிட்டுத் தன் வழியே போனது.

"கழண்டு போச்சே, எடுத்துச் சொருகலாமா?" என்று கேட்டான் மொக்கச்சாமி.

"முழுசா ஏறுற வரைக்கும் கையை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு," என்றான் சுருளிவேல்.

"சொருகுனாத்தானே ஏறும்?"

"ஏறுனாத்தானே கை வைக்கலாம்?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருந்ததால் மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் காசிமாயன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாஸ் அண்ணன் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் வயரை இடுக்கி, வேர்த்து விறுவிறுத்து ஒருவழியாகச் சொருகினான். அப்போது கரண்ட் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. வேலை கச்சிதமாக முடிந்த சந்தோசத்தில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

எப்படியோ அடுத்த நாள் டேப்லெட் உயிரோடு எழுந்தது. சூடாக விடக்கூடாதே என்று அதற்குக் குடை பிடித்தார்கள், பனையோலை விசிறியால் மாற்றி மாற்றி வீசினார்கள். விசிறி குறுக்கே குறுக்கே வந்ததால் யாருக்கும் படம் தெரியவில்லை. ஆனாலும் டேப்லெட் குளுகுளு என்று இருந்ததை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாலாவது வேலைதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பின்னாடி ஓடுகிறதை எல்லாம் நிறுத்த வேண்டும். சுருளிவேல் டேப்லெட்டைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். ஒரு ஆடு ஓடியது. பிடித்துக் கட்டினார்கள். பால்காரர் டி.வி.எஸ்.ஸில் வந்தார். இறக்கி உட்கார வைத்தார்கள். அதற்குப் பின்னால் டவுன் பஸ் வந்தது.

குழு மொத்தமும் கைகோத்து ரோட்டில் நின்றது. பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, என்ன விவரம் என்று கேட்டார்.

"நீங்க ஓடுனா எங்க சார்ஜ் எறங்கிரும்ணே," என்று மொக்கச்சாமி பணிவாகச் சொன்னான். "கல்யாண விசயம், தயவு பண்ணுங்க."

கண்டக்டர் கல்லில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, அந்தச் சனியனைத் திருப்பி வைத்தால் பஸ் அதற்கு முன்னாடிதானே ஓடும் என்று கேட்டார். நொச்சிப்பட்டிக்காரர்கள் அசந்துபோனார்கள். படித்தவர் படித்தவர்தான் என்று சுருளிவேலே கையெடுத்துக் கும்பிட்டான். டேப்லெட்டைத் திருப்பி வைத்தார்கள், பஸ் போனது. இப்போது டேப்லெட்டுக்குப் பின்னால் வயல் இருந்தது. வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போய் அடி வாங்கியதை விவரமாகச் சொல்லி அவர்கள் மானத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை.

இத்தனைக்கும் பிறகு வீடியோவைப் போட்டார்கள். ராஜாங்கம் வந்தான். மூன்று எட்டு வைத்தான். காலைத் தூக்கியபடி நின்றான். வட்டம் சுற்றியது.

மொக்கச்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் கண்முன்னால் பொன்னழகு வேறு யாருக்கோ மாலை போட்டாள். சுருளிவேல் ஒரு கண்ணை மூடினான். போதாமல் இன்னொன்றையும் மூடினான். அவன் இரண்டு கண்ணையும் மூடி யோசித்தது அதுதான் முதல் தடவை.

"நாமதான் எல்லாத்தையும் சொன்னபடி சரி பண்ணிட்டோமே," என்றான். "அப்ப கோளாறு டேப்லெட்டுல இல்ல. ராஜாங்கத்துக்கிட்டதான் இருக்கு."

"அவனுக்கு என்ன கோளாறு?"

"பாருங்க, மூணு எட்டு வச்சதும் அவனுக்குத் தலை சுத்துது. சுத்துறது கண்ணுக்கே தெரியுதுல்ல? அதான் காலைத் தூக்குனவன் கீழ வைக்க முடியாம நிக்கிறான். அவன் வந்தா நாம ஓடவே வேணாம். சும்மா நின்னா போதும், அவனே நின்னுருவான். போய்த் தூக்கிக்கலாம்."

எல்லோரும் "ஆமா" என்றார்கள். பாதி ஆட்டத்தில் இருட்டிவிடுவதையும் வீடியோவில் பார்த்திருந்ததால், ஆளுக்கொரு டார்ச் லைட் கொண்டுபோவது என்றும் தீர்மானித்தார்கள். அன்றிலிருந்து போட்டி நாள்வரை குழு மைதானத்தில் அசையாமல் நிற்கப் பயிற்சி எடுத்தது. காசிமாயன் அதில் வெகு சீக்கிரம் தேறிவிட்டான், நின்றபடியே தூங்கினான்.

பொங்கலன்று கரட்டூர் மைதானத்தில் கூட்டம் அள்ளியது. பொன்னழகு வரவில்லை. முடிவு எப்படியும் தன் வாசலுக்கே வரும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

விசில் ஊதியதும் ராஜாங்கம் கபடி கபடி என்று பாடிக்கொண்டு பாய்ந்து வந்தான். மூன்று எட்டு வைத்தான். எதிரே இருந்தவர்கள் ஒருவரும் ஓடவில்லை, ஒதுங்கவில்லை, குனியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவன் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜாங்கம் ஆடிய காலத்தில் இப்படி ஒரு குழுவைப் பார்த்ததில்லை. ஏதோ சூழ்ச்சி என்று நினைத்தான். நம் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அவனும் அண்ணாந்து பார்த்தான். தூக்கிய கால் தூக்கியபடி நின்றுபோனான்.

"நின்னுட்டான்," என்றான் சுருளிவேல்.

காசிமாயன் நிதானமாகப் போய் அவன் மேல் உட்கார்ந்தான்.

ஒவ்வொரு தடவையும் இதேதான். பாதி ஆட்டம் முடிந்ததும் நொச்சிப்பட்டிக்காரர்கள் பளீரென்ற வெயிலில் டார்ச் லைட்டை எரியவிட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து நின்றார்கள். அதைப் பார்த்த ராஜாங்கம் பாட்டையே மறந்து கோட்டிலேயே நின்றுவிட்டான். நொச்சிப்பட்டி ஜெயித்தது.

வழக்கப்படி இப்போது கரட்டூர்க் கேப்டன் பவுன்ராஜைத் தூக்க வேண்டும். பாவம், அந்த மனிதருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. முதுகைக் குனிந்து கொடுத்தார், பவுன்ராஜ் வழுக்கி விழுந்தான். இடுப்பைப் பிடித்துத் தூக்கினார், தலைகீழாக வந்தான். மொக்கச்சாமிக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேலை தெரிந்தவனுக்கு அது தப்பாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு வேதனை தெரியுமா?

"அப்படியில்லண்ணே, இப்படி," என்று சொல்லி, பக்கத்தில் நின்ற ராஜாங்கத்தை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினான். ராஜாங்கமும் பழகிய பள்ளத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டான். கரட்டூர்க் கேப்டன், நடக்கும்போது எப்படி என்று கேட்டார். மொக்கச்சாமி நடந்து காட்டினான். அப்புறம் கால்கள் பழகிய பாதையில் தாமாகவே போய்விட்டன. பின்னால் குழு, அதற்குப் பின்னால் மேளம், அதற்கும் பின்னால் இரண்டு ஊர் ஜனம்.

பொன்னழகு வாசலில் நின்றிருந்தாள். தோளில் ராஜாங்கத்தோடு வருகிறவனைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது. கண் கலங்கிவிட்டது.

"தோத்துட்டீங்களா மாமா?"

"ஜெயிச்சிட்டோம் புள்ள. எப்படித் தூக்குறதுன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு வர்றேன்."

அவள் சுருளிவேலைப் பார்த்தாள். சுருளிவேல் ஆமாம் என்றான். தோளில் இருந்த ராஜாங்கத்தைப் பார்த்தாள். அவனும் கொஞ்சம் வெட்கத்தோடு ஆமாம் என்றான். பொன்னழகுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்து மொக்கச்சாமி கண்டதே இல்லை. எடுத்து வைக்கப் போன கால் அந்தரத்தில் இருக்க, அவன் அப்படியே நின்றுபோனான்.

கூப்பிட்டார்கள், அசையவில்லை. காசிமாயன் கண்ணுக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். இமைகூட ஆடவில்லை.

சுருளிவேலுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. உடனே கூட்டத்தைப் பார்த்துக் கைகாட்டி, பின்னாடி வருகிற எல்லோரையும் நிற்கச் சொன்னான். மேளத்தை நிறுத்தச் சொன்னான். ரோட்டில் வந்த டவுன் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். அதே கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

"யாரும் கையை வைக்காதீங்க," என்றான் சுருளிவேல். "முழுசா ஏறட்டும்."

கரட்டூர்க்காரர்களும் நொச்சிப்பட்டிக்காரர்களும் மொக்கச்சாமியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பவுன்ராஜ் குடை பிடித்தான். காசிமாயன் விசிறியால் வீசினான். பொன்னழகு உள்ளே போய் இன்னொரு விசிறி எடுத்து வந்து மறுபக்கம் நின்று வீச ஆரம்பித்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, மேலே இருந்து ராஜாங்கம் மெதுவாகக் குனிந்து கேட்டான்.

"எத்தனை பர்சன்ட் ஆச்சுண்ணே?"