மாசிலாமணி தொடாத கன்டெய்னர்

"நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற வரைக்கும் என் அப்ளிகேஷன் விழாம ஓடணும் டீச்சர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

நிகார் பானுவின் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாசிலாமணி கேட்டது இதுதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"விழாம ஓடுறதுக்கு எனக்கு வழி தெரியாதுங்கண்ணா" என்றார் நிகார் பானு.

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போனது.

நிகார் பானு அவரைவிடப் பதினோரு வயது சின்னவர். சேலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் சர்வர் வேலை சொல்லிக்கொடுத்தவர். நாற்பத்தைந்து வயதில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அவரிடம் படித்தவர் மாசிலாமணி. அன்றிலிருந்து அவருக்கு இவர் டீச்சர், இவருக்கு அவர் அண்ணா.

படித்ததை மாசிலாமணி வீணாக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு, ஒற்றை ஆளாக ஒரு அப்ளிகேஷன் எழுதினார். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை சிலிண்டர், எந்த வண்டி, காலி சிலிண்டர் திரும்பி வந்ததா, எல்லாம் அதில்தான். நாற்பது ஆஸ்பத்திரிகள் அதை நம்பி இருந்தன. அது நின்றால் வண்டிகள் வாசலிலேயே நிற்கும்.

அவருடைய தங்கை தெய்வானைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணனுடைய சிறுநீரகம் பொருந்தியது. இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். இரண்டு முறையும் மாசிலாமணி தள்ளிப்போட்டார். முதல் முறை அப்ளிகேஷன் நின்றுவிட்டது. இரண்டாவது முறை, நின்றுவிடுமோ என்று பயந்தார்.

மூன்றாவது தேதி வருகிற வியாழக்கிழமை. "இதுக்கு மேல அவங்க உடம்பு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"விழுந்தா எழுப்புறதுக்கு வழி இருக்கு. நாளைக்குக் காலையில உங்க ஆபீசுக்கு வர்றேன்" என்றார் நிகார் பானு.

திங்கட்கிழமை, பத்து மணி வண்டிகள் கிளம்பிய பிறகு வந்தார். பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது புதுசு. இதுக்கு உங்களைத் தெரியாது. உங்க அப்ளிகேஷனை இதுல எழுப்பி ஓட விடணும்."

மாசிலாமணி நாற்காலியை இழுத்தார்.

"நீங்க இல்லண்ணா. செல்வராணி அக்கா எழுப்பட்டும்."

வண்டி அனுப்பும் வேலையைப் பார்க்கும் செல்வராணி திடுக்கிட்டார். "அய்யோ, எனக்கு என்னங்க தெரியும்?"

"அண்ணா கோப்புல என்ன எழுதி வச்சிருக்காரோ, அதை மட்டும் அப்படியே செய்யுங்க போதும். அண்ணா, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. வாயையும்தான்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கன்டெய்னர் என்பது ஒரு பெட்டி. அப்ளிகேஷனும் அது ஓடத் தேவையான சாமான்களும் அதற்குள் இருக்கும். அதை எப்படிக் கட்டுவது என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், எந்த மெஷினும் படித்து அதே பெட்டியைக் கட்டிக்கொள்ளும். கெட்டுப்போனால் பழுதுபார்க்கக் கூடாது. கோப்பைத் திருத்திவிட்டு, பழைய பெட்டியைத் தூக்கிப்போட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி இது.

மாசிலாமணிக்கும் தெரியும். ஆனால் ஓடுகிற பெட்டிக்குள் நுழைந்து கையாலேயே சரிசெய்தால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறதே! இரண்டு வருடமாக அப்படித்தான் செய்துவந்தார்.

புது லேப்டாப்பில் பெட்டி எழுந்தது. செல்வராணிக்கே பெருமையாக இருந்தது. சோதனைக்கு ஒரு ஆர்டரைப் போட்டார்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. ரசீதில் ஆஸ்பத்திரிப் பெயர்கள் வெறும் கட்டம் கட்டமாக வந்தன. டிரைவருக்குப் போக வேண்டிய செய்தி போகவே இல்லை.

"சர்வர்ல ஓடுறதுல எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார் செல்வராணி.

"அதை நான் உள்ள போய்ச் சரிபண்ணி வச்சிருக்கேன்மா."

"எங்க எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் நிகார் பானு.

மாசிலாமணி தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"வியாழக்கிழமை உங்களுக்கு மயக்க மருந்து குடுப்பாங்கல்ல?"

"ஆமா டீச்சர்."

 நிகார் பானு புது லேப்டாப்பில் எழுந்த பெட்டியை அழித்துவிட்டுக் கிளம்பினார்.

மாசிலாமணி உட்கார்ந்து கோப்பில் எழுதினார். கையால் செய்த ஒவ்வொன்றையும் ஞாபகப்படுத்தி எழுதினார். மறந்துபோனவையே அதிகம். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

செவ்வாய்க்கிழமை செல்வராணி மறுபடி கட்டினார். நான்கு குறைகள். நிகார் பானு அழித்தார். மாசிலாமணி கோப்பைத் திருத்த, செல்வராணி மறுபடி கட்டினார். ஒரு குறை. அந்தப் பெட்டியையும் நிகார் பானு அழித்தார்.

புதன்கிழமை காலை, குறை ஒன்றுமில்லை.

"இப்போ நிஜ சர்வருக்குப் போகலாம்" என்றார் நிகார் பானு.

ஆர்டர் விவரங்கள் பெட்டிக்கு வெளியே, தனி இடத்தில் இருந்தன. அவற்றை ஒரு நகல் எடுக்கச் சொல்லி, நகல் திறக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். திறந்தது.

"அக்கா, ஓடுற கன்டெய்னரை அழிங்க."

மாசிலாமணி எழுந்துவிட்டார். "டீச்சர், ரெண்டு வருஷமா ஓடுது அது. என் கை படாத இடமே அதுல இல்ல."

"தெரியும்ணா. உட்காருங்க."

செல்வராணி தயங்கித் தயங்கி விசையை அழுத்தினார். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கு நிமிடம். செல்வராணி கட்டிய புதுப் பெட்டி எழுந்தது.

முதல் ஆர்டர் தர்மபுரியிலிருந்து வந்தது. நேரம் சரி. பெயர் அழகாகத் தமிழில் இருந்தது. வாசலில் நின்ற டிரைவரின் போன் கீச்சென்றது. செல்வராணி பாட்டுக்கு வண்டி எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டார். மாசிலாமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை அழிச்சுப் பார்த்துடலாமே டீச்சர்."

அழித்தார்கள். எழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை. கரண்ட் போனா என்ன ஆகும்னு பார்க்கல. நெட் போனா என்னன்னு பார்க்கல. நல்லா சோதிக்கணும்னா ஒரு வாரம் ஆகும். டாக்டர்கிட்ட வேணும்னா நான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தன் குரல் தன் காதில் விழுந்தது.

நிகார் பானு லேப்டாப்பை மூடினார். மேசையில் கிடந்த மாசிலாமணியின் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"தங்கச்சிகிட்டப் பேசுங்கண்ணா."

"என்னன்னு பேசறது?"

நிகார் பானு பையை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய்விட்டார். செல்வராணியும் கூடவே போனார்.

மாசிலாமணி வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணை அழுத்தினார்.

"சொல்லுண்ணா" என்றாள் தெய்வானை. "மறுபடியும் நின்னுடுச்சா?"

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"இல்லம்மா. அது நிக்கல. நல்லா ஓடுது. முதல் தடவையும் நான் நினைச்சிருந்தா வந்திருக்கலாம். எனக்குப் பயமா இருக்கு தெய்வானை. கத்தி வைக்கிறதுன்னா பயமா இருக்கு."



"எனக்கும்தான்ணா" என்றாள் தெய்வானை. "இன்னைக்கு நாலு மணிக்கு அட்மிஷன் போடுவாங்க. வந்துடு."