நாவல் மரத்துக் கரை

செவந்தி என்ற புள்ளிமானுக்குத் தன் குட்டி பொட்டுவிடம் பழங்கதை பேசாவிட்டால் பொழுதே போகாது.

"நாங்கள் தண்ணீர் குடித்த மடு எப்படி இருக்கும் தெரியுமா? பாறைக்கரையில் அம்மாவோடு நாள் முழுக்க ஆட்டம்தான்! எதிர்க்கரையில் ஒரு நாவல் மரம். அந்தப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அம்மாவை நான் பறிகொடுத்த இடம்!"

அந்த வருஷம் ஆனி மாதத்தில் காட்டுக் குட்டையெல்லாம் வற்றிவிட்டது. பொட்டுவுக்கு நாக்கு தொங்கிப்போனது. வேறு வழியில்லாமல், வெகுநாள் கழித்து, குட்டியோடு அந்த மடுவுக்கே வந்தது செவந்தி.

நாவல் பழ வாசனை மூக்கில் பட்டதோ இல்லையோ, செவந்தி மிரண்டு திரும்பியது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாறைக்கரைக்கு ஓடியது.

நாவல் மரத்திலிருந்து ஒரு மந்தி கத்தியது. பெயர் மூக்காயி. செவந்தியோடு கூடவே வளர்ந்தது.

"அடியே, அறிவிருக்கா உனக்கு? அது முதலை கிடக்கிற பள்ளம்!"

"போடி! நான் விளையாடி வளர்ந்த இடம் எனக்குத் தெரியாதா?"

"நல்லா தெரிஞ்சுது போ! நாம் விளையாடியது இந்த மரத்தடியில். இங்கே கணுக்கால் தண்ணீர்தான், முதலைக்கு ஒளிய இடம் ஏது? உன் அம்மாவை அது இழுத்ததே அந்தப் பாறையில்! நீ இங்கே ஓடிவந்து, உதிர்ந்த பழத்தின் மேல் விழுந்து, நாளெல்லாம் நடுங்கிக் கிடந்தாய்!"

"பொய்! முதலையே என் ஞாபகத்தில் இல்லை. அந்தப் பழ வாசனை மட்டும்தான்..."

"பின்னே, பழமாடி உன் அம்மாவைக் கடித்தது?"

அதற்குள் பொட்டு தண்ணீரில் வாய் வைக்கக் குனிந்தது. ஞாபகம் 'குடிக்கட்டும்' என்றது. மந்தியோ 'வேண்டாம்' என்று அலறியது. செவந்தி பாய்ந்து குட்டியை இடித்துத் தள்ளியது.

தண்ணீர் பிளந்தது. முதலையின் வாய் வெறும் காற்றைக் கவ்விவிட்டு அமிழ்ந்தது.

நாவல் மரத்தடியில் பொட்டு வயிறு முட்டக் குடித்தது. பழ வாசனையில் செவந்திக்கு அப்போதும் பயம்தான். ஆனாலும் நகரவில்லை. அம்மா பின்னங்காலில் எழும்பிக் கிளையை வளைக்கப் பார்த்ததும், எட்டாமல் தடுமாறியதும், அதைப் பார்த்துத் தான் துள்ளியதும் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன.

"இத்தனை வருஷம் இதெல்லாம் எங்கே போயிருந்ததடி?" என்றது.

அதிர்ச்சியில் பதிந்த ஞாபகம், கடித்ததை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததன்மேல் பழி போடும். ஆகவே அதை நம்பிப் பிள்ளைகளுக்கு வழி காட்டுமுன், உடனிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.